ஆற்று வெள்ளமும் சாலை நெரிசலும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு ஓட்டம் என்றாலே தண்ணீரின் ஓட்டம்தான் நினைவுக்கு வரும். மேட்டூர் அணையில் மதகைத் தூக்கினால் மூன்று நான்கு நாட்களில் கல்லணைக்குத் தண்ணீர் வந்து சேருகிறது. அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் இன்னும் சிறு வாய்க்காலாகி, கடைசியில் கடைமடை வயலுக்குப் போகிறது. எங்கே அடைப்பு ஏற்பட்டால் எங்கே நீர் எதிர்க்கும், எந்த மதகை எவ்வளவு நேரம் திறந்தால் எந்த வயல் நனையும் என்பதைத் தஞ்சைத் தரணியின் உழவர்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போகாத என் தாத்தாவுக்கு இந்தக் கணக்கு முழுவதும் மனப்பாடம்.

இதே கணக்குத்தான் சென்னை மாநகரின் சாலை நெரிசலுக்கும் பொருந்தும் என்று யாரேனும் சொன்னால் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் 1955-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லைட்ஹில், விட்ஹாம் என்னும் இரு கணித அறிஞர்கள் ராயல் சொசைட்டியின் இதழில் இரு பகுதிகளாக ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். அதன் முதற்பகுதி நீண்ட ஆறுகளில் வெள்ளம் நகரும் முறையைப் பற்றியது. இரண்டாம் பகுதி நெருக்கடி மிகுந்த நீண்ட சாலைகளில் வாகனங்கள் நகரும் முறையைப் பற்றியது. இரண்டுக்கும் சமன்பாடு ஒன்றே! அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ரிச்சர்ட்ஸ் என்பவர் தனியாக முயன்று இதே முடிவுக்கு வந்தார். வகைக்கெழுச் சமன்பாடுகள் நடத்தும்போது எங்கள் பேராசிரியர் போகிற போக்கில் இதைச் சொன்னார். பருவத் தேர்வில் இக்கேள்வி வராது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் விட மனமில்லாமல் நூலகத்தில் தேடிப் படித்தவற்றை இங்கே தருகிறேன்.

சென்னையைப் பற்றிச் சுவாமிமலைக்காரனுக்கு என்ன கவலை என்று கேட்கலாம். 1981-இல் சென்னைப் பெருநகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 43 லட்சம். 2011-இல் அது 86 லட்சத்தைத் தாண்டிவிட்டது. முப்பது ஆண்டுகளில் சரியாக இரண்டு மடங்கு. அப்படிக் கூடியவர்களில் நம் பகுதியிலிருந்து போனவர்கள் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு தெருவிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகளை எண்ணிப் பார்த்தால் தெரியும். இக்கல்லூரியில் படிக்கும் நம்மிலும் பலர் பட்டம் பெற்றபின் அங்கேதான் போகவேண்டியிருக்கும். என் அண்ணன் ஏற்கனவே போய்விட்டார்.

அண்ணனின் கணக்கு

எங்கள் அப்பா சுவாமிமலையில் ஒரு சிலை வார்ப்புப் பட்டறையில் மெழுகு உருவத்துக்கு வண்டல் மண் பூசும் வேலை செய்கிறார். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு அண்ணன் தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தார். தங்கியிருப்பது போரூருக்கு அருகில் ஓர் அறை. நால்வர் பகிர்ந்துகொள்வதால் வாடகை கட்டுப்படியாகிறது. கடைக்கும் அறைக்கும் இடையே தொலைவு சுமார் 12 கி.மீ. ஆற்காடு சாலையில் மெட்ரோ ரயில் வேலைக்காகத் தடுப்பு வைத்தபின் பஸ் பயணம் ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. “எறங்கி நடந்தாக்கூட முன்னாடி போயிடலாம்டா” என்பார்.

ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். மாதம் 26 நாள் வேலை என்றால் 78 மணி. ஆண்டுக்கு 936 மணி. இருபத்துநாலால் வகுத்தால் மீதியில்லாமல் 39 நாள். அதாவது என் அண்ணன் ஆண்டில் 39 நாட்களை, இரவு பகலாக, பஸ்ஸில் நின்றுகொண்டே கழிக்கிறார். கடை முடிந்தபின் கணக்குப்பதிவியல் மாலை வகுப்பு ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தார். வகுப்பு தொடங்கும் நேரத்துக்கு ஒரு நாளும் போய்ச் சேர முடியாமல் இரண்டாம் மாதமே நின்றுவிட்டார். அந்த வகுப்பை முடித்திருந்தால் கடையில் துணி மடிக்கும் இடத்திலிருந்து கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலிக்கு மாறியிருப்பார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அதற்கு வேண்டிய பணம் அவர் அனுப்புவது. ஆகையால் சாலை நெரிசல் என்பது எனக்கு வெறும் பொதுக் கட்டுரைத் தலைப்பு அன்று.

ஓட்டம், அடர்த்தி, வேகம்

கணிதத்துக்கு வருவோம். ஒரு சாலையில் ஓரிடத்தில் நின்று ஒரு மணி நேரத்தில் கடந்துபோகும் வண்டிகளை எண்ணினால் கிடைப்பது ஓட்டம். ஒரு கிலோமீட்டர் நீளத்தில் ஒரே சமயத்தில் எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்பது அடர்த்தி. அடர்த்தியை வேகத்தால் பெருக்கினால் ஓட்டம் வரும். ஆற்றிலும் இதுவேதான்; குறுக்குவெட்டுப் பரப்பை நீரின் வேகத்தால் பெருக்கினால் கன அடிக் கணக்கு வருகிறது.

வேறுபாடு எங்கே என்றால், ஆற்றில் நீர் ஏற ஏற வேகமும் ஏறுகிறது. சாலையிலோ வண்டிகள் கூடக்கூட வேகம் குறைகிறது. இவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் நமது துன்பங்கள் அனைத்துக்கும் இதுவே வேர்.

1930களில் அமெரிக்கப் பொறியாளர் கிரீன்ஷீல்ட்ஸ் சாலையோரத்தில் திரைப்படக் காமிரா ஒன்றை வைத்து வண்டிகளைப் படம்பிடித்து ஆராய்ந்தார். அடர்த்தி கூடும்போது வேகம் ஏறத்தாழ நேர்க்கோட்டில் குறைகிறது என்று கண்டார். பின்னால் வந்தவர்கள் அக்கோட்டைப் பலவாறு திருத்தியிருக்கிறார்கள். நமக்கு நேர்க்கோடே போதும். ஒரு தடத்தை எடுத்துக்கொள்வோம். தனியே போகும் வண்டி 60 கி.மீ. வேகத்தில் போகும் என்றும், வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றால் கிலோமீட்டருக்கு 150 வண்டி அடங்கும் என்றும் கொள்வோம். (இவை நானாக எடுத்துக்கொண்ட எண்கள், மாற்றிப் போட்டும் பார்க்கலாம்.)

கிலோமீட்டருக்கு 30 வண்டி இருந்தால் வேகம் 48. ஓட்டம் மணிக்கு 1440. அடர்த்தி 75 ஆனால் வேகம் 30, ஓட்டம் 2250. இதுவே அத்தடம் தரக்கூடிய அதிகபட்ச ஓட்டம். அடர்த்தி இன்னும் ஏறி 120 ஆனால் வேகம் 12 ஆகி, ஓட்டம் மறுபடியும் 1440-க்கே இறங்குகிறது.

இங்கே சற்று நிற்க வேண்டுகிறேன். 30 வண்டி இருந்தபோதும் 1440, 120 வண்டி இருந்தபோதும் 1440. சாலை ஓரத்தில் நின்று எண்ணுபவருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் 12 கி.மீ. தொலைவை முதல் நிலையில் கால் மணியில் கடக்கலாம்; இரண்டாம் நிலையில் ஒரு முழு மணி ஆகும். அந்த முக்கால் மணி நேரத்தால் எவருக்கும் ஒரு காசு லாபம் இல்லை. நெரிசலில் நாம் இழக்கும் நேரம் வேறு யாருக்கோ போய்ச் சேருவதன்று. அது வீணே ஆவியாகிறது. இந்தத் தேற்றத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, அதிகபட்ச நிலையைத் தாண்டாமல் சாலையைக் காப்பதே முழு வித்தை என்பதுதான்.

ரயில்வே கேட்

லைட்ஹில், விட்ஹாம் கொள்கையின் அழகை நம்மூர் ரயில்வே கேட்டில் காணலாம். மெயின் லைனில் ரயில் வரும் நேரத்தில் கேட்டின் முன் நின்று பொறுமை இழக்காதவர் நம்மில் யார்?

முன்சொன்ன தடத்தில் மணிக்கு 1440 வண்டி வந்துகொண்டிருக்கையில் கேட் மூடப்படுகிறது. நிற்கும் வரிசையின் வால் பின்னோக்கி வளருகிறது. அதன் வேகம் என்ன? ஓட்டத்தின் மாற்றத்தை அடர்த்தியின் மாற்றத்தால் வகுக்க வேண்டும். ஓட்டம் 1440-லிருந்து பூஜ்யமாகிறது. அடர்த்தி 30-லிருந்து 150 ஆகிறது. 1440-ஐ 120-ஆல் வகுத்தால் 12. ஆகவே வால் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 200 மீட்டர், பின்னால் ஓடுகிறது. ஐந்து நிமிடம் கேட் மூடியிருந்தால் வரிசை ஒரு கிலோமீட்டர்.

இப்போது கேட் திறக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பிவிடுவதில்லை. முன்வண்டி நகர்ந்தால்தான் பின்வண்டி நகரும். “நகரலாம்” என்ற செய்தியும் ஓர் அலையாகவே பின்னோக்கிச் செல்கிறது. அதிகபட்ச ஓட்டமான 2250-ஐ அடர்த்தி வேறுபாடான 75-ஆல் வகுத்தால் இவ்வலையின் வேகம் 30 கி.மீ. வால் 12 கி.மீ. வேகத்தில் முன்னே ஓட, இவ்வலை 30 கி.மீ. வேகத்தில் துரத்துகிறது. நெருங்கும் வேகம் 18. ஒரு கிலோமீட்டர் இடைவெளியைக் கடக்க மூன்று நிமிடம் இருபது வினாடி ஆகும். அதற்குள் வரிசை ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீண்டுவிடுகிறது.

பொருள் என்ன? ரயில் போய், கேட் திறந்து, மூன்று நிமிடத்துக்கு மேலாகியும் பின்கோடியில் வரிசை வளர்ந்துகொண்டேயிருக்கிறது. அங்கே வந்து சேரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குக் கேட் எப்போதோ திறந்தாயிற்று என்பது தெரியவே தெரியாது. அவர் முன்னே இருக்கும் வண்டிகளைப் பார்த்து ஒலி எழுப்புவதில் பயன் ஒன்றும் இல்லை. இடதுபுறம் ஓர் ஆள் அகலமாவது சாலை காலியாக இருந்தால் மட்டுமே பயன் உண்டு. அந்த இடத்தில்தான் நாம் தள்ளுவண்டியையும் இருசக்கர வண்டியையும் நிறுத்தி வைக்கிறோம்.

கேட்டே இல்லாமலும் வரிசை உண்டாகும் என்பதை ஜப்பானில் சுகியாமாவும் அவர் குழுவினரும் 2008-இல் செய்து காட்டினார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டத்தில் 22 கார்களை ஓடவிட்டு, எல்லாரும் ஒரே வேகத்தில் போங்கள் என்றார்கள். தடையும் இல்லை, விபத்தும் இல்லை. ஆயினும் சற்று நேரத்தில் ஒருவர் லேசாக வேகத்தைக் குறைக்க, அடுத்தவர் சற்று அதிகமாகக் குறைக்க, கடைசியில் சிலர் அடியோடு நின்றே விட்டனர். நின்ற கும்பல் வட்டத்தில் பின்னோக்கி நகர்ந்துகொண்டேயிருந்தது. “ஏன் நிக்குதுன்னே தெரியல, ஒண்ணையுமே காணோம்” என்று பஸ்ஸில் நாம் வியப்பதற்கு விடை இதுவே.

மேம்பாலம் கட்டினால் தீராதா?

சென்னையின் முதல் மேம்பாலம் 1973-இல் ஜெமினி அருகே திறக்கப்பட்ட அண்ணா மேம்பாலம். 1990களின் பிற்பகுதியில் நகரெங்கும் பல மேம்பாலங்கள் எழுந்தன. 2008-இல் கத்திப்பாராவில் நான்கிதழ் வடிவில் பெரிய மேம்பாலம் வந்தது. ஒவ்வொன்றும் அந்தந்தச் சந்திப்பின் துயரைத் தீர்த்தது உண்மை. நகரின் நெரிசல் தீர்ந்ததா என்பதை அங்கே போய் வந்தவர்கள் சொல்லட்டும்.

வாய்க்காலின் ஓரிடத்தில் மட்டும் அகலப்படுத்தினால் என்ன ஆகும்? நீர் அவ்விடத்தை விரைவில் கடந்து அடுத்த குறுகலில் போய் எதிர்க்கும். இது ஒன்று. இரண்டாவது, சாலையில் இடம் கிடைக்கிறது என்றவுடன் இதுவரை ரயிலில் போனவரும், நேரம் மாற்றிப் போனவரும், போகாமலே இருந்தவரும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். 1962-இல் அமெரிக்கப் பொருளியலாளர் அந்தோணி டவுன்ஸ் இதை ஒரு விதியாகவே எழுதினார்: நகர விரைவுச் சாலைகளில் உச்ச நேர நெரிசல், சாலையின் கொள்ளளவை எட்டும்வரை தானே வளரும் என்று.

இதைவிட வியப்பான ஒன்றை 1968-இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் டீட்ரிஷ் பிரேஸ் கண்டுபிடித்தார். புதுச்சாலை போட்டால் எல்லாருடைய பயணமும் முன்னைவிடத் தாமதமாகலாம் என்பது அவர் முடிவு. எடுத்துக்காட்டைக் கூர்ந்து பாருங்கள்.

ஓர் ஊரிலிருந்து நகருக்கு 4000 வண்டிகள் போகவேண்டும். வழிகள் இரண்டு. வடக்கு வழியில் முதலில் குறுகிய பாலம். அதைக் கடக்க ஆகும் நிமிடங்கள், வண்டி எண்ணிக்கையை நூறால் வகுத்தது. பிறகு அகலச்சாலை, எத்தனை வண்டி போனாலும் 45 நிமிடம். தெற்கு வழியில் முதலில் 45 நிமிட அகலச்சாலை, பிறகு அதேபோன்ற குறுகிய பாலம். வண்டிகள் சரிபாதியாகப் பிரிந்து போகும். 2000-ஐ நூறால் வகுக்க 20. அதனுடன் 45 கூட்டினால் 65 நிமிடம்.

அரசு மனமிரங்கி, வடக்குப் பாலத்தின் முடிவையும் தெற்குப் பாலத்தின் தொடக்கத்தையும் இணைத்து நேரமே ஆகாத ஒரு குறுக்குச் சாலை போடுகிறது. இப்போது அகலச்சாலையில் 45 நிமிடம் போவானேன், பாலம் வழியே போனால் எல்லாரும் வந்தாலும் 40 நிமிடம்தானே என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார். அனைவரும் வடக்குப் பாலம், குறுக்குச் சாலை, தெற்குப் பாலம் என்று போகிறார்கள். 40-உம் 40-உம் 80 நிமிடம்! ஒருவர் மட்டும் பழைய வழிக்குத் திரும்பினால் அவருக்கு 85 ஆகும். ஆதலால் எவரும் திரும்பமாட்டார். புதுச்சாலைக்கு முன் 65, பின் 80. எவரும் தவறு செய்யவில்லை. அவரவர் நலனைச் சரியாகவே கணக்கிட்டார்கள். எனக்கு இதை முதலில் நம்ப முடியவில்லை. தாளில் மூன்று முறை போட்டுப் பார்த்தபின்தான் ஒப்புக்கொண்டேன்.

தென்கொரியாவின் சியோல் நகரில் சியோங்கியேசியோன் என்னும் ஓடையை மூடி, அதன்மேல் தூண் நாட்டி மேல்நிலைச் சாலை கட்டியிருந்தார்கள். 2003-இல் அச்சாலையை இடித்து, பஸ் வசதியைக் கூட்டி, 2005-இல் ஓடையை மறுபடி ஓடவிட்டார்கள். நகரம் ஸ்தம்பித்துப் போகவில்லை. சாலைக்காக நீர்நிலையை மூடிய ஊர்கள் நம் நாட்டில் எத்தனையோ. திறந்துவிட்ட ஊர் ஒன்றாவது உண்டா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

முறை வைத்தல்

தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் டெல்டாவில் என்ன செய்கிறோம்? எல்லா ஆற்றிலும் ஒரே நேரத்தில் விடாமல் முறை வைக்கிறோம். இத்தனை நாள் காவிரிக்கு, இத்தனை நாள் வெண்ணாற்றுக்கு. முறை இல்லாவிட்டால் தலைமடைக்காரர் வயல் நிரம்பி வழியும். கடைமடைக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சந்திப்பில் உள்ள சிக்னல் விளக்கும் முறைதான். ஆனால் நான்கு திசை வண்டிகளின் தேவையும் சேர்ந்து சந்திப்பின் கொள்ளளவை நெருங்கிவிட்டால் எந்தச் சிக்னலும் உதவாது. 1958-இல் வெப்ஸ்டர் தந்த சூத்திரப்படி, ஒரு சுற்றில் 10 வினாடி வீணாகும் சந்திப்பில் கொள்ளளவின் பத்தில் எட்டுப் பங்கு தேவை இருந்தால் 100 வினாடிச் சுற்று போதும். பத்தில் ஒன்பது பங்கானால் 200 வினாடி வேண்டும். பத்துக்குப் பத்தானால் விடை முடிவிலி. போலீஸ்காரர் வியர்க்க வியர்க்கக் கை காட்டினாலும் முடிவிலியை அவரால் குறைக்க இயலாது.

ஆகவே தேவையையே முறைப்படுத்த வேண்டும். சிங்கப்பூர் 1975-இலேயே நகரின் மையத்துக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்தது. லண்டன் 2003-இல் பின்பற்றியது. ஸ்டாக்ஹோமில் 2006-இல் ஏழு மாதம் சோதனையாக நடத்தியபோது நகருக்குள் வரும் வண்டிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. மறு ஆண்டு அதை நிரந்தரமாக்கினார்கள். நம் நாட்டில் இதைச் செய்வதற்கு முன் ஒரு நிபந்தனை உண்டு என்பது என் கருத்து: காரை விட்டு இறங்குபவருக்கு ஏற ஒரு பஸ் இருக்கவேண்டும்.

பஸ்ஸைப் பற்றி ஒரு கணக்கு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-இல் வெளியிட்ட ஊரகச் சாலை வழிகாட்டியில் ஒவ்வொரு வண்டியும் சாலையில் எத்தனை காருக்குச் சமம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். காருக்கு 1, மோட்டார் சைக்கிளுக்கு அரை, பஸ்ஸுக்கு 3. நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் டிரெய்லருக்கு நாலரை. மாட்டு வண்டிக்கு 8! (கொள்முதல் நிலையத்துக்கு முன் அறுவடைக் காலத்தில் நிற்கும் டிராக்டர் வரிசையைப் பார்த்தவர்களுக்கு நாலரை குறைவோ என்று தோன்றும்.) 600 பேர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காருக்கு ஒன்றரைப் பேர் வீதம் போனால் 400 கார், 400 அலகு இடம். மோட்டார் சைக்கிளில் இருவர் இருவராகப் போனால் 150 அலகு. பஸ்ஸில் 60 பேர் வீதம் போனால் பத்து பஸ், 30 அலகு. சாலையை மிகக் குறைவாகப் பயன்படுத்துபவர் பஸ் பயணி. நெரிசலில் மிக அதிகமாகத் தவிப்பவரும் அவரே. கார்க்காரர் சந்துக்குள் புகுந்து தப்பலாம், பஸ் தன் வழியை விட்டு விலக முடியாது. சென்னைச் சாலையின் கடைமடைக்காரர் பஸ் பயணிதான். தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006-லேயே, நகர்த்த வேண்டியது வண்டிகளையன்று, மனிதர்களை என்று கூறிவிட்டது. பஸ்ஸுக்குத் தனித்தடம் 2009-இல் அகமதாபாத்தில் வந்து நிலைத்தது. டெல்லியில் 2008-இல் வந்தது, கார்க்காரர்களின் எதிர்ப்பால் தள்ளாடிக் கடைசியில் அகற்றப்பட்டது. சென்னையில் இன்னும் உருப்படியாக வரவில்லை.

ரயிலைப் பொறுத்தவரை சென்னை பின்தங்கிவிடவில்லை. கடற்கரையிலிருந்து சேப்பாக்கத்துக்கு 1995-இல் பறக்கும் ரயில் ஓடத் தொடங்கி 2007-இல் வேளச்சேரியை எட்டியது. 2015 ஜூன் 29-இல் கோயம்பேடு–ஆலந்தூர் மெட்ரோ திறக்கப்பட்டது. இரண்டாம் கட்டமாக ஏறத்தாழ 119 கி.மீ. அண்ணன் பாதையும் அதில் அடக்கம். இன்று அவரை நிறுத்தி வைக்கும் தடுப்புகளே நாளை அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நம்புகிறோம். ஆனால் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடக்க நடைபாதை வேண்டுமே! தியாகராய நகரில் 2019-இல் பாண்டி பஜாரின் நடைபாதையை அகலமாக்கியதும், 2023-இல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் ஆகாய நடைபாதையால் இணைத்ததும் மேம்பாலங்களைவிடச் சிறிய வேலைகள். பயனோ பெரிது என்று அண்ணன் சொல்கிறார். தினமும் அதன்மேல் நடப்பவர் சொல்வதை நான் ஏற்கிறேன்.

கிளாம்பாக்கத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லாவிட்டால் நம் ஊர்க்காரர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். வெளியூர்ப் பஸ்களால் பாரிமுனை திணறியபோது 2002-இல் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். கோயம்பேடு திணறியபோது 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். மதகை மேலே தள்ளி வைத்ததால் நகருக்குள் நீர் வரத்துக் குறைந்தது, இது நன்மையே. ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு அரிசி மூட்டையும் கைக்குழந்தையுமாக இறங்குபவருக்கு இன்னும் ஏறக்குறைய 30 கி.மீ. மிச்சம் இருக்கிறது. முனையத்தைத் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. வாய்க்காலை வெட்டி முடிக்குமுன் மதகை மாற்றினால் இடையிலுள்ள வயல் காயும் என்பது எவருக்கும் தெரிந்த செய்தி. 2010-இல் சட்டம் இயற்றி அமைத்த சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் பல ஆண்டுகள் பெயரளவில் இருந்துவிட்டு இப்போது செயல்படுகிறது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டுத் தரும் செயலி 2025-இல் வந்தது. சீட்டு இணைந்ததுபோல் நேரமும் இணையவேண்டும்.

நம் கடமை ஒன்று

கும்பகோணம் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே அகப்பட்ட ஊர். எங்கிருந்து வந்தாலும் பெரும்பாலும் ஒரு பாலத்தைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். பிரேஸின் எடுத்துக்காட்டைப் படித்தபோது எனக்கு நம்மூர்ப் பாலங்களே கண்முன் நின்றன. சுவாமிமலையிலும் கிருத்திகை நாட்களில் சன்னதித் தெருவில் கார் ஒன்று திரும்ப முயன்றால் அறுபது படி ஏறி இறங்குவதற்குள் தெருவே உறைந்துவிடுகிறது.

மனிதக் கூட்டத்துக்கும் இதே சமன்பாடு உண்டு. ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று பேர் இருக்கும்வரை கூட்டம் நடக்கிறது. ஐந்து ஆறு பேர் ஆகிவிட்டால் நடப்பது நின்று அலை பாயத் தொடங்குகிறது. அப்போது யாரும் தம் விருப்பப்படி கால் வைப்பதில்லை. 1992 மகாமகத்தில் குளக்கரையில் ஏறத்தாழ ஐம்பது உயிர்கள் போனதை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது.

அதற்குள் கும்பகோணத்தின் பாலங்களிலும் ரயில்வே கேட்டுகளிலும் எத்தனை வண்டி, எந்த வகை, எந்த நேரம் என்று எண்ணி ஓர் அட்டவணை தயாரிக்க நம் கல்லூரி மாணவர்களால் முடியும். கருவி எதுவும் வேண்டாம். ஒரு பாலத்துக்கு நால்வர், ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டல். சாதாரண நாள் ஒன்று, முகூர்த்த நாள் ஒன்று, மாசி மகத்தன்று ஒன்று என மூன்று நாட்கள் எண்ணினால் போதும். புள்ளியியல் படிக்கும் நண்பர்கள் இருவர் இப்போதே இசைந்திருக்கிறார்கள். கிடைக்கும் அட்டவணையை மாநகராட்சி மன்றத்துக்கும் காவல் துறைக்கும் கொடுக்கலாம். விருப்பமுள்ளவர்கள் மதிய இடைவேளையில் கணிதத் துறை வராந்தாவில் என்னைச் சந்திக்கலாம். பஸ் பாஸ் உள்ளவர்களுக்குச் செலவு எதுவும் இல்லை.